மூளை முட்டியில் இருக்கிறது

"கண்ணு தெரியலையா?", "காது கேக்கலையா?" என்று திட்டுகிறவர்கள்கூட அந்த உறுப்புகள் இருப்பதை ஒப்புக்கொண்டுதான் திட்டுகிறார்கள். வேலை செய்கிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. இருக்கிறதா என்பதிலேயே நமக்குச் சந்தேகம் வருவது ஒரே ஓர் உறுப்பைப் பற்றித்தான். "உனக்கு மூளை இருக்கா?"

இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் "இருக்கு" என்று பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "இருந்தா இப்படிப் பண்ணுவியா?" இல்லை என்று ஒப்புக்கொண்டாலும் விடமாட்டார்கள். "அதான் தெரியுதே" என்பார்கள்.

சரி, மூளை இருப்பதாக யாரையாவது ஒப்புக்கொள்கிறோமா என்றால், ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட உடனே பயப்படவும் செய்கிறோம். "அவன் மூளைக்காரன்பா" என்று ஒருவர் சொன்னால் அதன் பொருள், அவனிடம் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்பதுதான். நாளிதழ்களைப் பாருங்கள். நகைக்கடைக் கொள்ளைக்கு 'மூளையாகச் செயல்பட்டவர்' கைது ஆவார். வினாத்தாள் கசிவுக்கு மூளையாகச் செயல்பட்டவர் தலைமறைவு ஆவார். ஊரில் நூலகம் கட்டியதற்கு, ஏரியைத் தூர் வாரியதற்கு, மூளையாகச் செயல்பட்டவர் என்று ஒரு செய்தியாவது வந்திருக்கிறதா? அதெல்லாம் பெரும் முயற்சியால், நல்ல உள்ளத்தால் நடந்துவிடுகிறது. தமிழ்ப் பத்திரிகைகளின்படி மூளை என்பது குற்றவாளிகளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட கருவி.

மூளை இல்லாததைச் சொல்வதற்கோ நம்மிடம் பெரும் செல்வம் இருக்கிறது. மேல்மாடி காலி. மண்டையில் மசாலா இல்லை. மரமண்டை. மறை கழண்ட கேஸ். மண்டைக்குள்ளே களிமண். இந்தக் களிமண்ணை நான் வசவாக ஏற்றுக்கொள்வதில்லை. தண்ணீர் ஊற்றினால் பிடித்து வைத்துக்கொள்ளும் மண் அது. வாத்தியார் ஊற்றியதை ஊற்றிய வேகத்தில் கீழே விட்ட எங்கள் வகுப்புத் தலைகளில் இருந்தது மணல் என்று சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

'ட்யூப்லைட்' இன்னொன்று. விஷயம் புரிய நேரமாகிறவனுக்கு அந்தப் பட்டம். அந்தக் காலத்து நாலடி ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் மின்னி மின்னி, எரியலாமா வேண்டாமா என்று யோசித்து எரிவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ஆனால் அந்த ட்யூப்லைட் தின்றது 40 வாட். மனித மூளை மொத்தமாக ஓடுவது ஏறத்தாழ 20 வாட்டில். ஆகவே ஒருவனை ட்யூப்லைட் என்றால் அவனுடைய மூளையின் திறனை இரண்டு மடங்கு உயர்த்திச் சொல்கிறோம். மின்வாரியக் கணக்குப்படி அது பாராட்டு.

இப்போதைய பிள்ளைகள் மூளையைச் சொல்வதே இல்லை. "கிட்னியை யூஸ் பண்ணு மச்சி" என்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், கிட்னி இரண்டு இருக்கிறது, ஒன்று போனாலும் பிழைத்துக்கொள்ளலாம், டெஸ்ட் எடுத்தால் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். நம்பிப் பயன்படுத்தச் சொல்ல ஏற்ற உறுப்பு அதுதான்.

மடச்சாம்பிராணி என்பதை மட்டும் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. மணக்கிற பொருளை எடுத்து மந்த புத்திக்கு வைத்திருக்கிறோம். அதே வாசனைச் சரக்கு வரிசையில் நிற்கும் ஜவ்வாதை வைத்து யாரும் யாரையும் திட்டுவதில்லை. மடஜவ்வாது என்று ஒரு சொல் இல்லை. இதை நான் சொன்னது ஜவ்வாதுமலைக்குப் போகிற பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமாவிடம். அவர் என் மனைவிக்குச் சித்தப்பா. ஆலங்காயத்தில் பரம்பரை வைத்தியம் பார்க்கிறார். கடுக்காய், நெல்லி, வல்லாரை என்று ஏதாவது வாங்க மலைக்குப் போகும்போது மருமகன் முறைக்கு என்னையும் கூட்டிப்போவார். மூட்டை தூக்க ஆள் வேண்டாமா?

"மாப்ள, சாம்பிராணி தானா மணக்காது. நெருப்புல போட்டாத்தான் மணக்கும். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்தப் பேரு" என்றார் மாமா. அவரிடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. அது சரியா என்பது தனி விஷயம்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற அந்தப் பேருந்தில்தான் மூளையைப் பற்றிய மிகச் சிறந்த உரையாடலை நான் கேட்டேன். படிக்கட்டில் ஒரு பையன் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தான். நடத்துநர் உள்ளேயிருந்து கத்தினார்:

"யோவ், மூளை கீளை இக்குதாய்யா உனக்கு? உள்ள ஏறுய்யா!"

"மூளைல்லாம் கீதுணா. எடந்தான் இல்ல."

மொத்தப் பேருந்தும் சிரித்தது. மலைப்பாதை தொடங்கியதும் சிரிப்பு நின்றது. வளைவுகள் வரத் தொடங்கிவிட்டன.

மலைப்பாதையில் வாந்தி வருவதை நாம் வயிற்றின் குற்றமாக நினைக்கிறோம். அது மூளையின் குழப்பம். நம் காதுக்கு உள்ளே உடம்பின் ஆட்டத்தை அளக்கிற கருவி இருக்கிறது. அது "திரும்புகிறோம், சாய்கிறோம், மறுபடி திரும்புகிறோம்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. அதே நேரம் கண், முன் சீட்டின் முதுகில் கிறுக்கியிருக்கிற காதல் கதையைப் படித்துக்கொண்டு, "நாம் அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால் நீதிபதி வழக்கைத் தள்ளிவைக்கலாம். மூளை அப்படிச் செய்வதில்லை. கண்ணும் காதும் ஒத்துப்போகவில்லை என்றால் இவன் ஏதோ விஷத்தைத் தின்றுவிட்டான் என்று முடிவு கட்டி, வயிற்றைக் காலி செய்ய உத்தரவு போடுகிறது என்பது விஞ்ஞானிகள் தருகிற ஒரு விளக்கம். காலையில் தின்ற இரண்டு இட்லியின் மேல் கொலைப்பழி.

ஓட்டுநருக்கு வாந்தி வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எப்போது, எந்தப் பக்கம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்புவதே அவர்தானே. ஆகவே முன்னால் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தொந்தரவு குறைவு. மாமா இதற்கு எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னார். முகர்ந்தேன். முன் சீட்டு ஆசாமியும் கேட்டு வாங்கி முகர்ந்தார். கடைசி வரிசை வரைக்கும் போன அந்தப் பழம் திரும்பி வரவில்லை.

உடம்பின் ஆட்டத்தைச் சமாளிக்கிற வேலையில் பெரும்பங்கு சிறுமூளைக்கு. பின்மண்டையில், பெருமூளைக்குக் கீழே, ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒதுங்கிக் கிடக்கிற அதுதான் உடம்பு சாயாமல், நடை பிசகாமல் பார்த்துக்கொள்கிறது. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தபோது, மொத்தம் இருக்கிற சுமார் 8,600 கோடியில் ஏறக்குறைய 6,900 கோடி அதற்குள் இருந்தன. கவிதை எழுதுகிற, கணக்குப் போடுகிற, தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று தீர்மானிக்கிற பெருமூளையின் மேற்புறணியில் இருப்பவை 1,600 கோடிதான். இந்த நாட்டு நடப்பைப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது, சென்னையிலிருந்து காரில் வந்திருந்த ஒருவர், சாலையோரம் பலாப்பழம் வைத்திருந்த ஒரு பாட்டியிடம் மலையாளத்தில் "சுகமாணோ?" என்றார். பாட்டி மாமாவைப் பார்த்து, "இன்னா பேசறாரு இவுரு?" என்று கேட்டார். இந்த மலையில் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் அல்லது மலையாளர்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஏலகிரி எங்கும் இதே பெயரில் இருக்கிறார்கள். கூகுளில் தேடிவிட்டுத்தான் வந்தேன் என்று சென்னைக்காரர் சொன்னார். தேடியிருப்பார். மலையாளம் எப்படிப் பேசுவது என்று தேடியிருப்பார்.

கீழ்நாட்டில் ஒரு பழக்கம் உண்டு. மலைக்காரர்களுக்கு மூளை போதாது என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பண்டம் வாங்கப் போகிற வியாபாரிகள்தான் அதிகம் சொல்வார்கள், ஏனென்றால் விலையைக் குறைக்க அது உதவும். இந்த மூளை விஷயத்தைச் சாமையை வைத்துச் சோதிக்கலாம். மலைக்காரர்கள் காலங்காலமாகச் சாமை விதைத்தார்கள், சாமைச் சோறு தின்றார்கள். கீழே இருந்த நாம் அதை ஏழைச் சோறு என்று ஒதுக்கி, அரிசியைத் தீட்டு தீட்டென்று தீட்டி மல்லிகைப்பூவாக்கித் தின்று, சர்க்கரை வந்து, டாக்டரிடம் போய், டாக்டர் சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று சொல்லி, 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்து, அதற்கப்புறம் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலையேறிச் சாமை வாங்க வருகிறோம். வந்ததும் பேரம் பேசுகிறோம். இதே சாமையை சென்னையில் கண்ணாடிப் புட்டியில் போட்டு, 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்டி வைத்தால் வாயைத் திறக்காமல் வாங்குகிறோம். மூளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. பாட்டி விலையைக் குறைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாமா தேடி வந்தது வல்லாரை. ஈரத் தரையில் படர்கிற கீரை. நினைவாற்றலுக்கு என்று தமிழ்நாட்டுத் தாய்மார்கள் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பிள்ளைகளின் வாயில் திணிப்பது. மாமா அதைக் காயவைத்துப் பொடி செய்து விற்கிறார். அவருடைய கடையில் எந்த மருந்துக்கும் கடன் உண்டு, வல்லாரைப் பொடிக்கு மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். ஆறு மாசம் கழிச்சு, காசு எங்கடான்னு கேட்டேன். மறந்துட்டேன் வைத்தியரே, உங்க மருந்து பலிக்கலங்கறான். கடனையும் கட்டல, பேரையும் கெடுத்துட்டான்."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கப் போனேன். "தலைல வேணாம் மாப்ள, உள்ள ஒண்ணும் இல்லாத எடம், நசுங்கிடும்" என்று ஒரு மலைக்காரப் பையன் சிரித்தபடி தோளுக்கு மாற்றிவிட்டான். மாமா அவனை அதட்டவில்லை. அதற்குப் பதில் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

சித்த மருத்துவத்தில் உடம்பு ஏழு தாதுக்களால் ஆனது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, ஏழாவதாகச் சுக்கிலம் அல்லது சுரோணிதம். இதில் வருகிற மூளை மண்டைக்குள் இருப்பது மட்டும் இல்லை. எலும்புகளுக்கு உள்ளே நிரம்பி, எலும்புக்கு வலுவும் மென்மையும் தருவது. இன்றைய பாடப்புத்தகத்தில் எலும்பு மஜ்ஜை என்று எழுதியிருக்கிறதே, அது. "ஆக, மூளை உனக்குக் கால்ல இருக்கு, கைல இருக்கு, முட்டில இருக்கு. மண்டைல இருக்கறதும் அதே பேர்ல ஒண்ணு" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. சின்ன வயதில் என் கணக்கு வாத்தியார் எனக்கு மூளை முட்டிக்காலில் இருக்கிறது என்று வாரம் தவறாமல் அறிவிப்பார். வகுப்பு சிரிக்கும், நான் தலைகுனிந்து நிற்பேன். அவர் சித்த மருத்துவத்தின் ஆறாம் தாதுவைப் பற்றி ஒரு பொதுவான உடற்கூறு உண்மையைச் சொல்லியிருக்கிறார். அது எல்லார் முட்டியிலும் இருந்ததை மட்டும் அவர் மறைத்துவிட்டார்.

இங்கிலீஷ் வைத்தியமும் முட்டிக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. டாக்டர் ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்து முட்டிக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதைக்கிறதல்லவா, அதை ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்பால் என்று இரண்டு டாக்டர்கள் 1875-ல் தனித்தனியே எழுதிவைத்தார்கள். அந்த உதைக்கான உத்தரவு மூளையிலிருந்து வருவதில்லை. முட்டியிலிருந்து செய்தி முதுகுத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்தே பதில் திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் போவதற்குள் கால் உதைத்து முடித்துவிடும். நடந்த பிறகு மேலிடத்துக்குத் தெரிவிக்கிற இந்த முறை நம் அலுவலகங்களில் நன்றாகவே நடைமுறையில் இருக்கிறது.

ஆக்டோபஸ்ஸை எடுத்துக்கொண்டால் அதன் நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. எட்டுக் கைக்கும் கொஞ்சம் கொஞ்சம் யோசனை. அந்த இனத்தில் ஒரு வாத்தியார் இருந்தால், "உனக்கு மூளை மண்டைலயா இருக்கு?" என்றுதான் பையனைத் திட்டுவார்.

உண்மையில் மூளைக்கு மரியாதை கிடைத்ததே பின்னால்தான். பழைய எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே விட்டு, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்துத் தூக்கி எறிந்தார்கள். அரிஸ்டாட்டில் அதை ரத்தத்தைக் குளிரவைக்கிற சாதனம் என்று நினைத்தார். நம் வள்ளுவர் அறிவுடைமைக்கு ஓர் அதிகாரம், பேதைமைக்கு ஓர் அதிகாரம், புல்லறிவாண்மைக்கு ஓர் அதிகாரம் கொடுத்தவர். பேச வேண்டும் என்று வந்தபோது 'நெஞ்சொடு கிளத்தல்' என்றுதான் அதிகாரம் வைத்தார். மூளையொடு கிளத்தல் இல்லை. காதல் விவகாரத்தில் அதனிடம் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு சொல்லில்தான் மூளையை வைத்துக் கேலி நுழைவதில்லை. மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதர்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையின் அடிவாரப் பக்கத்து வேலூரில்தான், 1955-ல். வயல் தண்ணீரில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரைகளிடமிருந்தும் கொண்டுவந்து குழந்தைகளுக்குக் கொடுக்கிற நோய். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1949-ல், நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியிருந்தார். இன்றைக்கும் மலையிலிருந்து யாராவது 'தலை டாக்டரை'ப் பார்க்க வேலூருக்குக் கிளம்பினால் வீட்டில் சிரிப்பு இருக்காது. நோய் பரவும் மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி அரசே போடுகிறது. போட்டுவிடுங்கள். அப்புறம் அவர்களுக்கு மூளை இருக்கிறதா என்று நிம்மதியாகத் திட்டலாம்.

அதே 1955-ல்தான், ஏப்ரல் 18-ம் தேதி, ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டனில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி, யாரிடமும் கேட்காமல் அவர் மூளையை எடுத்துக்கொண்டார். எடை போட்டார்: 1,230 கிராம். சராசரி ஆண் மூளையைவிடக் குறைவு. உலகத்தின் மிகப் பெரிய மூளை என்று நாம் உதாரணம் காட்டுவது தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. அதை 240 துண்டுகளாக வெட்டிப் புட்டிகளில் போட்டார் ஹார்வி. 1978-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது அந்தப் புட்டிகள் அவர் அறையில், ஆப்பிள் ரசம் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. "உன் மூளையை எங்கே வெச்சிருக்க?" என்று நாம் கேட்கிற கேள்விக்கு உலகத்திலேயே தெளிவான விலாசத்துடன் பதில் கிடைத்தது ஐன்ஸ்டைன் விஷயத்தில் மட்டும்தான்.

இதை எனக்கு நினைவூட்டியது காவலூர். திரும்பும் வழியில் மாமாவுக்கு அங்கே ஒரு நோயாளி இருந்தார், நான் வானாய்வு நிலையத்தைப் பார்க்கப் போனேன். 1960களின் இறுதியில் வானியல் அறிஞர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர், நகர வெளிச்சம் தீண்டாத இருட்டு, தெற்கு வானத்தையும் எட்டிப் பார்க்க வசதியான அட்சரேகை. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்க இங்கேயும் உலகின் வேறு சில இடங்களிலும் காத்திருந்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்னாலேயே அந்த நட்சத்திரம் மங்கி மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த இரவில்தான் உலகுக்குத் தெரியவந்தது. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அவர் பெயரிலேயே வந்தது. பார்க்க அவர் இல்லை, 1982-லேயே போய்விட்டார்.

1988-ல் காவலூரில் ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். எண் 4130. அதற்கு ராமானுஜன் என்று பெயர். கணித மேதை ராமானுஜன் 1920-ல் சென்னையில் 32 வயதில் இறந்தபோது யாரும் மூளையைக் கேட்டு வரவில்லை. எடை எவ்வளவு, எத்தனை மடிப்பு என்பதெல்லாம் தெரியாது. ஐன்ஸ்டைன் மூளை அட்டைப்பெட்டியில் ஊர் ஊராகச் சுற்றியது, ராமானுஜன் பேர் வானத்தில் சுற்றுகிறது. இதில் நம் ஆளுக்குத்தான் லாபம் என்பது என் கட்சி.

அங்கே என்னோடு நின்ற ஒரு கல்லூரிப் பேராசிரியர், மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று தன் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. மூளையின் எல்லாப் பகுதிக்கும் வேலை இருக்கிறது, தூங்கும்போதுகூட. உடம்பின் எடையில் ஏறத்தாழ இரண்டு சதவீதமே தேறுகிற அது, தின்கிற சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா இருக்கிற ஒன்றுக்கு எந்த உடம்பாவது இவ்வளவு படியளக்குமா? "அப்போ நூறு சதவீதமும் பயன்படுத்தித்தான் இப்படி இருக்கோமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பேராசிரியர் பத்து சதவீதத்தையே வைத்துக்கொள்வது நல்லது என்று முடிவு செய்தவர் போலத் தொலைநோக்கியைக் காட்டப் போய்விட்டார்.

மலை இறங்கி வாணியம்பாடி வந்தபோது பசி. ஞாயிற்றுக்கிழமை. மாமா ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். வாழையிலை போட்டு, பரிமாறுகிறவர் வந்து நின்றார். மாமா அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"மூளை இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கோபிக்கவே இல்லை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை எந்த வம்பும் இல்லாமல் கேட்கக்கூடிய ஒரே இடம் அசைவ மெஸ்தான்.

"இல்லீங்க பெரியவரே. எல்லாருக்கும் தந்து முடிச்சாச்சு" என்றார் அவர், வருத்தத்தோடு. "காலையிலயே பத்துப் பேருக்குக் குடுத்துட்டேன். சுவரொட்டி கீது, குடல் கீது, ஈரல் கீது, நல்லி கீது."

ஓர் ஆட்டின் மூளை நூறு கிராமுக்கு மேல் கொஞ்சம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ஆகவே எந்த மெஸ்ஸிலும் முதலில் தீர்ந்துபோவது அதுதான். இந்த இடத்தில் நான் மாமாவுக்கு ஒரு செய்தி சொன்னேன். மூளையில் எத்தனை நரம்பணுக்கள் என்பதை வெகுகாலம் யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. பத்தாயிரம் கோடி என்று எல்லாரும் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹூசெல் மூளையைக் கரைத்து, உண்மையாகவே ஒரு சூப் ஆக்கி, அதைக் கலக்கி, கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள அணுக்கருக்களை எண்ணி, கணக்குப் போட்டு, 2009-ல் 8,600 கோடி என்று சொன்னார்.

"மிளகு போட்டாங்களா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

"அப்ப அது சூப் இல்ல." பரிமாறுகிறவரைப் பார்த்து, "நல்லி ரெண்டு வை" என்றார். என்னிடம் திரும்பி, "தின்னு மாப்ள. ஆறாவது தாது. இதுவும் மூளைதான்."

ஆட்டின் முன்னங்கால் முட்டிக்குக் கீழே வெட்டிய எலும்பு. இலையில் தட்டியதும் உள்ளேயிருப்பது வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மாமா உறிஞ்சுகிற சத்தம் மூன்று மேஜைக்குக் கேட்டது. கணக்கு வாத்தியார் வாரம் தவறாமல் சொன்ன பொருளின் ருசி இப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சுவரில் விலைப்பட்டியல் மாட்டியிருந்தது. மூளை 120 ரூபாய். நல்லி 160.